நாற்றங்காலுக்குப் பணம் வருது, நடவுக்கு வருதா?

செஞ்சி, மேல்மலையனூர், வல்லம் பக்கம் உழவர் கூட்டங்களில் இப்போது தவறாமல் ஒரு கேள்வி வருகிறது. "நாலு பேர் சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சா அரசாங்கம் லட்சக்கணக்குல பணம் தருதாமே, நிஜமா?" நிஜம்தான். தருகிறார்கள். மத்திய அரசும் தருகிறது, மாநில அரசும் தருகிறது, நபார்டும் தருகிறது. ஆனால் அந்தப் பணம் கம்பெனியின் எந்த வயதில் வருகிறது, எதற்கு வருகிறது, பதிலுக்கு நம்மிடம் என்ன கேட்கிறது என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் நாலாவது வருஷம் கையைக் கடிக்கும். அதைத்தான் இங்கே கொஞ்சம் விவரமாகப் பேசப் போகிறோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். 'ஸ்டார்ட்அப்' என்பதைத் தமிழக அரசு 'புத்தொழில்' என்கிறது. 2016 ஜனவரியில் மத்திய அரசு ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தைத் தொடங்கியது. 2019-இல் வந்த அறிவிக்கைப்படி, பதிவாகிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகாத, எந்த ஆண்டிலும் விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டாத, புதுமையான பொருளோ சேவையோ தருகிற, பெரிதாக வளரும் வாய்ப்புள்ள நிறுவனம்தான் புத்தொழில் என்று அப்போது வகுக்கப்பட்டது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஊரில் ஒரு மரச்செக்கு போட்டு, பத்து வருஷமாக நல்ல எண்ணெய் ஆட்டி, கடனில்லாமல் குடும்பம் நடத்துகிறவர் நல்ல தொழில்காரர். ஆனால் புத்தொழில் ஆதரவு அவரைத் தேடி வருவதில்லை. அது தேடுவது பத்துச் செக்காக, நூறு செக்காகப் பெருகப் போகிற ஆளை.

அப்படிப் பெருகுவதற்கு உலக அளவில் ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி சொல்லும் வரையறை இது: தொடக்கத்தில் குறைந்தது பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனம், தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால் அது 'உயர் வளர்ச்சி நிறுவனம்'. ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் மூன்று ஆண்டில் 100 மூட்டை 173 மூட்டையாக வேண்டும். இத்தகைய கம்பெனிகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் புது வேலைவாய்ப்பில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே வருகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் அரசுகள் 'ஆரம்பிக்க உதவுவது' என்பதிலிருந்து 'ஆரம்பித்ததை வளர்க்க உதவுவது' என்ற பக்கம் பேச்சைத் திருப்பியிருக்கின்றன. பேச்சு திரும்பிவிட்டது. பணம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்ப்போம்.

உழவருக்கு இதில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்து புத்தொழிலாகப் போவது. இன்னொன்று, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, 2003-இலிருந்து இந்த இரண்டாவது வகை நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவின் குணமும் கம்பெனியின் சுதந்திரமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நோக்கம். பத்து உற்பத்தியாளர் இருந்தால் பதிவு செய்யலாம். எத்தனை ஷேர் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஷேரை வெளியாளுக்கு விற்க முடியாது. இன்னொரு உற்பத்தியாளருக்கு மட்டும், அதுவும் இயக்குநர் குழு ஒப்புதலோடு மாற்றலாம்.

இந்த விதி உழவருக்குக் காவல். பணக்காரர் ஒருவர் வந்து ஷேரை அள்ளி வாங்கிக் கம்பெனியைக் கொண்டுபோக முடியாது. ஆனால் இதே விதிதான் பெரிய முதலீட்டையும் வாசலில் நிறுத்தி வைக்கிறது. முதலீட்டு நிதிக்காரர் ஷேரை வாங்கி, எட்டு பத்து ஆண்டில் விலை ஏறியதும் விற்று வெளியேறும் தொழிலில் இருப்பவர். விற்க முடியாத ஷேர் அவருக்கு எதற்கு? ஆக, முதல் வாசலில் போனால் பங்குப் பணம் கிடைக்கும், பிடி தளரும். இரண்டாவது வாசலில் பிடி நம்மிடம் இருக்கும், பங்குப் பணம் வராது. இரண்டில் எது சரி என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சத்து மாவு, பூச்சிவிரட்டி தயாரிப்பு, சிறு கருவி என்று ஒரு பொருளை நம்பிப் போகிற இளைஞருக்கு முதல் வாசல் சரிப்படலாம். ஊர் நெல்லையும் மல்லாட்டையையும் சேர்த்து விற்க நினைக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் என்பது என் கருத்து. மற்றவர் விளைச்சலை வைத்துத் தொழில் செய்யும்போது ஓட்டு அந்த மற்றவரிடம் இருக்கணும்.

இப்போது பிறப்புக் காலத்துப் பணம். இதற்குக் குறைவில்லை. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு 'டான்சீட்' என்ற ஆதார நிதியாக 10 லட்சம் வரை தருகிறது. பெண்கள் நடத்துவது, ஊரகம், பசுமைத் தொழில்நுட்பம் சார்ந்தது என்றால் 15 லட்சம் வரை. பதிலுக்கு நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை அரசு எடுத்துக்கொள்கிறது. வேளாண் புத்தொழிலுக்கென்றே 2018-19 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவில் ஒரு பிரிவு உண்டு. யோசனை நிலையில் 5 லட்சம் வரை, விதை நிலையில் 25 லட்சம் வரை மானியம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தொழில் காப்பகம் இதை நடத்தும் மையங்களில் ஒன்று. காப்பகம் என்பது வேறொன்றுமில்லை, நாற்றங்கால்தான். நெருக்கமாக விதைத்து, தண்ணி கட்டி, கொஞ்ச நாள் பாதுகாத்துக் கொடுப்பது.

உழவர் கம்பெனிக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் 6,865 கோடி ரூபாய் ஒதுக்கி 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 2025 பிப்ரவரியில் பத்தாயிரமாவது அமைப்பும் பதிவாகிவிட்டது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டில் 18 லட்சம் வரை கிடைக்கும். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக, ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல் இணை மானியம் உண்டு. 2 கோடி வரையான கடனுக்கு உத்தரவாத நிதி இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. நூறு உழவர் சேர்ந்த குழுவுக்கு 5 லட்சம் தொகுப்பு நிதி. அதில் பவர் டில்லர், விசைத் தெளிப்பான், களையெடுப்பான் என்று வாங்கிக்கொண்ட குழுக்கள் நம் பக்கத்திலும் இருக்கின்றன. சில குழுக்களில் கருவி இன்னும் ஓடுகிறது. சிலவற்றில் தலைவர் வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்து நிற்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சரி, கம்பெனி பிறந்துவிட்டது. இனி நாலாவது வருஷத்துக்குப் போவோம். இங்கேதான் கணக்கு சூடு பிடிக்கிறது. செஞ்சிப் பக்கம் 500 உறுப்பினர் உள்ள ஒரு கம்பெனியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஆளுக்கு 2,000 வீதம் பங்குத் தொகை 10 லட்சம். இணை மானியம் 10 லட்சம். கையில் 20 லட்சம். தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 10,000 என்றால் ஆண்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். வாடகை, கரண்டு, தணிக்கை, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 6 லட்சம் ஆகிவிடும். மூன்று ஆண்டுக்கு இந்த 18 லட்சத்தை அரசு பார்த்துக்கொண்டது. நாலாவது ஆண்டு முதல் அந்த 6 லட்சம் நம் வியாபாரத்திலிருந்து வரணும்.

வாங்கிய விலை, ஆலைக் கூலி, சாக்கு, லாரி எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனைக்கு 5 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். அரிசி வியாபாரத்தில் அது மோசமான கணக்கு இல்லை. 6 லட்சம் நிற்க வேண்டுமென்றால் 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்கணும். கிலோ 65 ரூபாய்க்கு அரிசி விற்றால் ஏறக்குறைய 180 டன் அரிசி. நூறு கிலோ நெல்லுக்கு அறுபது கிலோ அரிசி என்று பார்த்தால் 300 டன் நெல். 75 கிலோ மூட்டையில் 4,000 மூட்டை.

4,000 மூட்டை பெரிய எண் மாதிரி தெரிகிறதா? செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சீசன் நேரத்தில் ஒரே நாளில் அதைவிட அதிகமாக மூட்டை இறங்குகிற நாள் உண்டு. 500 உறுப்பினருக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு மூட்டை. ஒரு ஏக்கரில் பாதி கழனி போதும். ஆக, விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கும் பஞ்சமில்லை.

பணத்துக்குத்தான் பஞ்சம். 300 டன் நெல்லைக் கிலோ 30 ரூபாய்க்கு வாங்க 90 லட்சம் வேணும். அதுவும் எப்போது? தை, மாசியில், அறுவடை முடிந்த அந்த ஐந்தாறு வாரத்துக்குள். உறுப்பினர் அறுத்த நெல்லைக் களத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார். அறுவடை எந்திர வாடகை, கடைக்காரர் பாக்கி, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் நிற்கிறது. கம்பெனி கையிலோ 20 லட்சம். பள்ளம் 70 லட்சம். வாங்கிய நெல்லை அரைத்து, பொதி போட்டு, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அனுப்பி, காசு திரும்பி வர எட்டு பத்து மாசம் ஆகும். ஆக நம் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் சுற்றுகிறது. செல்போன் செயலி நடத்துகிறவருக்குப் பணம் தினம் சுற்றும். காய்கறிக் கடைக்காரருக்கு வாரத்தில் நாலு முறை சுற்றும். நெல் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது. புத்தொழில் திட்டங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ரகத்தை மனசில் வைத்து எழுதுகிறார்கள். நம் ரகத்துக்கு வேண்டியது ஆதார மானியத்தைவிட, தை மாசம் கைக்கு வந்து ஐப்பசியில் திரும்பிப் போகிற நடைமுறை மூலதனம்.

வங்கிக் கடன் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். 70 லட்சம் 10 சதவீத வட்டிக்குக் கிடைத்து, அரிசி விற்க விற்கக் கட்டிக்கொண்டே வந்தால், சராசரியாக ஐந்து மாச வட்டி. கிட்டத்தட்ட 2 லட்சத்து 90 ஆயிரம். நாம் சம்பாதிக்க நினைத்த 6 லட்சத்தில் பாதி வட்டிக்கே போய்விடுகிறது. வட்டியைக் கட்ட இன்னும் அதிகம் விற்கணும். அதிகம் விற்க இன்னும் அதிகக் கடன். அதற்கும் முன்னால் வங்கி கேட்பது அடமானம். உழவர் கம்பெனிக்குச் சொத்து ஏது? இதற்காகத்தான் கடன் உத்தரவாத நிதி. கம்பெனி கட்டத் தவறினால் வங்கியின் நட்டத்தில் பெரும்பங்கை அந்த நிதி ஏற்கும். இந்த ஏற்பாட்டை உழவர் கம்பெனி வளர்வதற்கான மிக முக்கியமான அரசு உதவியாக நான் பார்க்கிறேன். மானியத்தை ஊரே பேசுகிறது, இதைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளை மேலாளரிடம் போகும்போது திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

பள்ளத்தைச் சின்னதாக்க இன்னொரு வழியும் இருக்கிறது. மொத்த நெல்லையும் கம்பெனி அன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் என்று ஒரு வசதி உண்டு. விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை உழவர் 5 சதவீத வட்டிக்கு வாங்கலாம். 180 நாள் வரை வைத்திருக்கலாம். நெல் உழவர் பெயரிலேயே கிடங்கில் இருக்கும். அவசரச் செலவுக்குப் பணம் அவர் கைக்கு வந்துவிடும். கம்பெனி ஆர்டர் வர வர, மாசம் 50 டன் என்று எடுத்துக்கொண்டு கணக்குத் தீர்க்கலாம். விலை ஏறினால் அதில் அவருக்கும் பங்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். இந்த முறையில் 90 லட்சம் தேவைப்பட்ட இடத்தில் கம்பெனிக்கு 30 லட்சம் இருந்தால் ஓட்டிவிட முடியும்.

ஆனால் இயற்கை உழவருக்கு இங்கே ஒரு முடிச்சு. பொதுக் கிடங்கில் பூச்சிக்குப் புகைமூட்டம் போடுவார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைதான். சான்று பெற்ற நெல்லுக்கு அது ஆகாது. ரெண்டு வருஷம் பாடுபட்டு மண்ணை மாற்றி விளைவித்த நெல், ஒரே ராத்திரியில் சாதாரண நெல்லாகிவிடும். அதனால் நமக்குத் தனிக் கிடங்கு வேணும். நன்றாகக் காய்ந்த நெல், காற்றுப் புகாத உறை, நொச்சி, வசம்பு என்று நம் முறையில் காக்கிற கிடங்கு. ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது செஞ்சியும் அதில் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் இப்போது அந்தக் களஞ்சியத்தைப் படம் எடுத்துப் போகிறார்கள். கோட்டை கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது, நெல்லை வைத்துக் காக்கிற இடம் இல்லாமல் எதையும் தாக்குப்பிடிக்க முடியாதென்று. அதே ஊரில் இயற்கை நெல்லுக்கென ஒரு பொதுக் கிடங்கு கேட்பது நியாயமான கோரிக்கைதான். கம்பெனியே கட்டுவதென்றால் 2020-இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதி இருக்கிறது. 2 கோடி வரையான கடனுக்கு ஏழு ஆண்டுவரை 3 சதவீத வட்டித் தள்ளுபடி.

இனி வேகத்தைப் பற்றி. முன்னே சொன்ன 20 சதவீதக் கணக்கை இயற்கை உழவில் பொருத்திப் பாருங்கள். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி ஆண்டுப் பயிருக்கு மாற்றுக் காலம் இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு. இன்றைக்கு நம் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்து, புதிதாக ஐம்பது உறுப்பினரைச் சேர்த்தால், அவர்கள் நெல் முழுச் சான்றோடு கிடைக்க இரண்டு போக ஆண்டு காத்திருக்கணும். நிதி கொடுத்தவரோ மூன்றாம் ஆண்டே வளர்ச்சி காட்டச் சொல்வார். அப்போது கம்பெனிக்கு முன் இருக்கும் வழிகள் மூன்றுதான்: வெளியில் கிடைக்கிற நெல்லை வாங்கி நம் பையில் போடுவது, உறுப்பினருக்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பது, இல்லையென்றால் 'எங்களால் இவ்வளவுதான் முடியும்' என்று சொல்லி வேகத்தைக் குறைப்பது. முதலிரண்டும் நம் பெயரையும் நம் ஆட்களையும் தின்றுவிடும். மூன்றாவதைச் சொல்லும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டுமானால், பணம் வாங்கும்போதே அது எழுத்தில் இருக்கணும். பணத்துக்கு ஒரு காலண்டர், மண்ணுக்கு ஒரு காலண்டர். இரண்டும் எங்கே மோதும் என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பங்கு நிதிகளிலும் பெரும்பாலானவை நேராக நமக்கு வருவதில்லை. 2016-இல் அறிவிக்கப்பட்ட 10,000 கோடி நிதியைச் சிட்பி நடத்துகிறது. அது தனியார் முதலீட்டு நிதிகளுக்குக் கொடுக்கும், அவர்கள் புத்தொழில்களில் போடுவார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய 750 கோடி 'அக்ரிஷ்யூர்' நிதி வேளாண்மைக்கென்றே உள்ளது. நபார்டு குழுமம் நடத்துகிறது. பணம் அரசுடையதாக இருந்தாலும் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் முதலீட்டு மேலாளர்தான். அவர் கேட்பதை அவர் கேட்பார், அதில் தப்பில்லை.

அப்படியானால் உழவர் கையிலேயே இருந்துகொண்டு பெரிதாக வளர்ந்த கம்பெனியே இல்லையா? இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்தது அமுல். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பால்சன் என்ற ஒரே கம்பெனிக்குத்தான் பால் ஊற்ற வேண்டும் என்றிருந்த நிலையை எதிர்த்துப் பால்காரர்கள் தொடங்கிய சங்கம் அது. அதன் வளர்ச்சிக்குக் குரியனின் திறமை காரணம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். பொது உதவி எப்படி வந்தது என்பதுதான் நமக்குப் பாடம். முதலில், பம்பாய் அரசின் பால் திட்டம் அவர்கள் பாலை வாங்கியது. விற்பனைக்கு உறுதி கிடைத்தது. பிறகு, குளிர்காலத்தில் மிஞ்சிய பாலை என்ன செய்வது என்ற சிக்கல் வந்தபோது, பால் பவுடர் ஆலைக்கு எந்திரங்களை யுனிசெஃப் கொடுத்தது. பதிலுக்கு ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பால் கொடுக்கச் சொன்னது. அந்த ஆலையை 1955-இல் நேரு திறந்து வைத்தார். 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தபோது, ஐரோப்பா தானமாகக் கொடுத்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற பணத்தில் நாடெங்கும் சங்கங்கள் வளர்ந்தன. கவனித்தீர்களா? எந்த இடத்திலும் பங்கு கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் இத்தனை மடங்கு என்று கேட்கவில்லை. வாங்குவதற்கு ஆள், மிச்சத்தைக் காக்க எந்திரம், அகலமாகப் பரவ மூலதனம் என்று வரிசையாக வந்தது. வளர்ச்சி தலைமுறைக் கணக்கில் வந்தது.

பங்குப் பணத்தையும் வாங்கி, பிடியையும் விடாமல் வைத்திருக்க முயல்கிற எடுத்துக்காட்டும் உண்டு. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் விலாஸ் ஷிண்டே முன்னின்று தொடங்கிய சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ். திராட்சை ஏற்றுமதியில் ஆரம்பித்த உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. உற்பத்தியாளர் கம்பெனியில் வெளியார் பங்கு எடுக்க முடியாது என்பதால், பதப்படுத்தும் வேலைக்குத் தனியாக ஒரு துணைக் கம்பெனி வைத்து, அதில் 2022-இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனங்கள் நான்கிடமிருந்து 310 கோடி ரூபாய் திரட்டினார்கள். தாய்க் கம்பெனி உழவருடையது. வந்த நான்கில் இரண்டு, நெதர்லாந்து, பிரான்சு நாடுகளின் வளர்ச்சி நிதி நிறுவனங்கள். அதாவது பொதுப்பணச் சாயல் உள்ள பணம். கொஞ்சம் பொறுமை உள்ள பணம். ஆனால் இது கம்பெனி தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு நடந்தது என்பதை மறக்க வேண்டாம். ஏற்றுமதிச் சந்தை, ஆலை, கணக்கு வழக்கு எல்லாம் நின்ற பிறகு. மூன்று வயதுக் கம்பெனி இந்த வழியைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்குத் திரும்பினால், அமுல் கதையின் முதல் பாகம், அதாவது பொதுக் கொள்முதல், அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் வாரம் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியச் சிற்றுண்டி தர வேண்டும் என்று அரசாணையே சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கம்பும் கேழ்வரகும் விளைகிறது. ஒரு ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு மாவும் ரவையும் கொடுக்கும் ஆர்டர் ஓர் உழவர் கம்பெனிக்குக் கிடைத்தால், அது 15 லட்ச மானியத்தைவிடப் பெரிய காரியம். மாசாமாசம் இவ்வளவு போகும் என்ற உறுதிக் கடிதம் இருந்தால் வங்கிக்காரரும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். விடுதிகள், கோயில் அன்னதானம், அரசு மருத்துவமனைச் சமையல் எல்லாம் இதே கணக்குத்தான். மானியம் கேட்டு எழுதும் மனுவில் பாதியையாவது கொள்முதல் கேட்டு எழுதலாம் என்பது என் ஆசை.

இன்னொரு சின்ன விஷயம். சின்னது, ஆனால் நிறைய கம்பெனிகளைச் சாய்த்தது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையும் ஆண்டு அறிக்கையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யணும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவம், ஒரு வருஷம் என்றால் 73,000 ரூபாய். அது முப்பத்தாறு பேர் போட்ட பங்குத் தொகை. மானியம் நின்ற நாலாவது வருஷம் முதலில் நிறுத்துவது கணக்கர் சம்பளத்தைத்தான். தாமதக் கட்டணம் ஏற ஆரம்பிப்பதும் அங்கேதான். செலவைக் குறைக்க வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள்.

வரிசை இப்படி அமைந்தால் நல்லது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஆடிக்குள் தணிக்கை முடித்து, செப்டம்பர் 30-க்குள் பொதுக்குழு கூட்டி, அக்டோபர் கடைசிக்குள் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்துவிடுங்கள். தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கு இல்லாமல் உத்தரவாதக் கடனுக்கு எந்த வங்கியும் விண்ணப்பத்தைத் தொடாது. விண்ணப்பம் கொடுத்துப் பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாசம் ஆகும். ஐப்பசியில் கொடுத்தால்தான் தை அறுவடைக்குப் பணம் இருக்கும். மாசியில் போய் நின்றால் நெல் வேறு லாரியில் ஏறியிருக்கும்.